ஓரத்தில் தெரியும் கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு பிரிண்டிங் கடை. உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையுடன், கணினித் திரையைப் பார்த்து நின்றிருந்தார். திரையில் ஒரு பழைய புகைப்படம். வாலிபால் வலையை ஒட்டி ஒரு பெண் பறந்துகொண்டிருந்தாள். கடைக்காரர் கேட்டார்:

"யக்கா, ஓரத்துல யாரோட கையோ தெரியுது. வெட்டிடவா?"

அவ்வளவுதான். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் என் ப்ரூஃபில் இரண்டு பிழைகளைத் திருத்தி, திருத்தியதை மறுபடி பார்த்து, நான் படியிறங்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. (இந்த வாக்கியத்தில் ஒரு பொய் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.)

வெட்டு, வெட்டாதே. ஒரு நொடி வேலை. அவருக்குக் கால் மணி நேரம் போதவில்லை என்றால் அது எப்படிப்பட்ட கையாக இருக்க வேண்டும்? பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். மணிக்கூண்டு தாண்டும்போது அவருக்கு ஜானட் என்று பெயர் வைத்திருந்தேன். கடைக்காரருக்குப் பக்ருதீன். பறக்கும் பெண்ணுக்கு இஷ்ரத். பாரிமுனை வருவதற்குள் அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"ராயபுரத்தின் உப்புக் காற்றில் அந்தக் கல்லூரி மைதானத்தின் வலைக்கம்பங்கள்—"

வேண்டாம். உப்புக் காற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கதையைத் தொடங்கி வைப்பது அதன் வேலையில்லை.

"ஜானட் நல்லவள்தான், ஆனால்—"

'ஆனால்' வந்துவிட்டால் நான் தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம்.

"அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை ஜானட்டுக்கு வந்தது."

இது இருக்கட்டும். இதில் ஒரு ஆள் இருக்கிறாள், ஒரு வேலை இருக்கிறது. கடைக்குள் 'அவர்' என்று சொன்னவரைக் கதைக்குள் 'அவள்' என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நெருக்கமாகப் போக வேண்டியிருக்கிறது.

3

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை ஜானட்டுக்கு வந்தது.

ராயபுரத்தில் இரண்டு கட்டடமும் ஒரு மைதானமும் மட்டுமே உள்ள சின்னப் பெண்கள் கல்லூரி அது. ஜானட் அங்கேதான் படித்தாள், அங்கேதான் விளையாடினாள், இப்போது அங்கேயே உடற்கல்வித் துறையின் அலுவலக உதவியாளர். கல்லூரியின் பொன்விழாவுக்கு 'விளையாட்டுப் புகழரங்கம்' திறப்பது என்று முடிவாகியிருந்தது. அரங்கம் என்றால் அரங்கமில்லை. கேண்டீனுக்குப் போகும் வராண்டாச் சுவர். அதில் ஆறு ஃபிரேம். மூன்று வீராங்கனைகளுக்கு, மூன்று பங்களிப்பாளர்களுக்கு.

முதல் பெயர், தொண்ணூறுகளில் நூறு மீட்டர் ஓடியவர். ஜானட் மகிழ்ச்சியோடு தட்டினாள். இரண்டாவது, ஈட்டி எறிந்தவர். அதுவும் சரி. பங்களிப்பாளர்களில் முதல் பெயர் முப்பது வருடம் கோடு போட்ட கிரவுண்ட்ஸ்மேன் கஸ்பார் அண்ணன். போன வருடம்தான் காலமானார். ஜானட் சிலுவை போட்டுக்கொண்டு, அவர் பெயரில் எழுத்துப்பிழை இல்லையே என்று இரண்டு முறை பார்த்தாள்.

வீராங்கனைகளில் மூன்றாவது பெயர்: இஷ்ரத். வாலிபால்.

விரல் நின்றது.

பங்களிப்பாளர்களில் மூன்றாவது பெயர்: இஷ்ரத். பயிற்சியாளர், எம்.கே.பி. நகர்.

ஒரே ஆள், இரண்டு பட்டியலிலும்.

பொறாமை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதற்குத் தூரம் பிடிக்காது. நூறு மீட்டர் ஓடியவர் உலகப் பதக்கமே வாங்கியிருந்தாலும் ஜானட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே வகுப்பு, ஒரே அணி, ஒரே தண்ணீர் பாட்டில் என்று இருந்தவள் மேலேறினால்தான் அது எழுந்து உட்காரும். இருபது வருடமாக ஜானட் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட்டு வந்திருக்கிறாள். எம்.கே.பி. நகரிலிருந்து வரும் பெண்களின் விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் 'பயிற்சியாளர்' என்ற கட்டத்தில் வருடா வருடம் அந்தப் பெயரைத் தட்டுவது அவள்தான். "இஷ்ரத் மிஸ் டீம்ல நீங்களும் இருந்தீங்களா மேடம்?" என்று அந்தப் பெண்கள் கேட்பார்கள். இஷ்ரத் மிஸ்ஸின் டீம்!

முதல்வர் ஹெப்சிபா கதவருகே வந்து சொன்னார்: "ஜானட், இஷ்ரத் உங்க செட்டுதானே? அவங்களுக்கு நாலு வரி நீங்களே எழுதிடுங்க. அந்தக் கடைசிப் பாயிண்ட் கண்டிப்பா வரணும். ஃபோட்டோவும் வாங்கிப் பிரிண்டுக்குக் குடுத்துடுங்க. ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஆள். குரூப் ஃபோட்டோ வேணாம்."

"சரிங்க மேடம்" என்றாள் ஜானட்.

[இந்த இடத்தில் ஜானட்டுக்கு ஜெரி என்று ஒரு கணவரை எழுதியிருந்தேன். ரயில்வேயில் வேலை. நல்ல மனிதர். மாலையில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, "வுடு ஜானு, சொவுத்துல மாட்னா இன்னா, மாட்டாட்டி இன்னா" என்றார். அவர் சொன்னதும் ஜானட்டின் பொறாமை பாதியாகக் குறைந்துவிட்டது. அதனால் அவரைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். மன்னிக்கவும் ஜெரி.]

4

வாலிபால் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியை வேகமாகப் படிக்கலாம். தெரியாதவர்கள் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கதையின் எலும்பு இங்கேதான் இருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்தை மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்பிவிட வேண்டும். முதல் தொடுதல், வந்த பந்தை எடுப்பது. மூன்றாவது, அடிப்பது. நடுவில் இருக்கும் இரண்டாவது தொடுதல், அடிப்பவளுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது. அதைச் செய்பவளுக்கு லிஃப்டர் என்று பெயர். ஜானட் லிஃப்டர். இஷ்ரத் அடிப்பவள்.

யாருக்குப் பந்து போக வேண்டும் என்று தீர்மானிப்பது லிஃப்டர்தான். சர்வீஸ் வருவதற்கு முன், எதிரணிக்கு முதுகைக் காட்டி, வயிற்றுக்கு நேராகக் கையை வைத்து, தன் ஆட்களுக்கு மட்டும் தெரியும்படி சைகை காட்டுவாள். ஜானட்டின் அணியில் மூன்று சைகை. இரண்டு விரல் என்றால் இடது மூலைக்கு உயரமாக ஒரு பந்து. ஒரு விரல் என்றால் நடுவில் இஷ்ரத்துக்கு ஷார்ட் பால். மூடிய கை என்றால் யாருக்கும் கிடையாது, நானே வலைக்கு மேலாகத் தட்டிவிடப் போகிறேன், நீங்கள் சும்மா குதியுங்கள்.

ஷார்ட் பால் என்பதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அடிப்பவள் பந்தைப் பார்த்துவிட்டுக் குதிப்பதில்லை. பந்து லிஃப்டர் கைக்கு வந்து சேரும்போதே அவள் காற்றில் இருக்க வேண்டும். அவள் கை எங்கே இருக்கிறதோ அங்கே பந்து வந்து நிற்கும். எதிரணி யோசிப்பதற்குள் முடிந்துவிடும். வராத பந்துக்காக, வரும் என்று முன்கூட்டியே குதிப்பது!

அடுத்தது, சும்மா குதிப்பதும் நிஜமாகக் குதிப்பதும். சும்மா குதிப்பவள் நேராக எழும்புவாள், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து இறங்குவாள். நிஜமாகக் குதிப்பவள் தோளை முறுக்கி, உடம்பையே முன்னால் எறிவாள். கண் முழுக்கப் பந்தில். எங்கே இறங்கப் போகிறோம் என்ற நினைப்பே இருக்காது. வலைக்கு அந்தப்பக்கம் தடுக்க நிற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். சும்மா குதித்தால் ஏமாற மாட்டார்கள்.*

* இன்னொரு விஷயம். வாலிபால் ஸ்கோர் ஷீட்டில் யார் சர்வீஸ் போட்டார்கள், எந்த அணிக்குப் பாயிண்ட் என்பதெல்லாம் இருக்கும். பாயிண்ட் எடுத்தது எந்தக் கை என்று இருக்காது. அதற்குக் கட்டமே கிடையாது.

5

இருபது வருடத்துக்கு முன், கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. ஐந்தாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரு பாயிண்ட்.

அன்றைக்கு இஷ்ரத் அடித்ததெல்லாம் உள்ளே விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் மைதானச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் "இஷ்ரத்! இஷ்ரத்!" என்று கத்தினார்கள். அடிக்கப்பட்ட ஒவ்வொரு பந்தும் ஜானட் தூக்கிக் கொடுத்தது. ஒருவரும் "ஜானட்" என்று கத்தவில்லை. லிஃப்டருக்கு யாரும் கத்துவதில்லை. அதுவரை அவளுக்கு அது உறைத்ததும் இல்லை. பதினான்காவது பாயிண்டில் உறைத்தது.

ஜானட் வலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். வயிற்றருகே கையை வைத்தாள். இடது சுண்டுவிரலில் பிளாஸ்திரி. ஆட்டத்துக்கு முன் இஷ்ரத்தான் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டிவிட்டாள்.

ஒரு விரல் காட்டினாள்.

இஷ்ரத் தலையை ஆட்டினாள். பந்து வந்தது, பின்வரிசை எடுத்தது, ஜானட்டின் தலைக்கு மேலே இறங்கியது. அதற்குள் இஷ்ரத் காற்றில் இருந்தாள். எதிரணியின் இரண்டு பேர் அவளோடு எழும்பினார்கள். ஜானட் இடது கையால் பந்தை அவர்களுக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் தட்டிவிட்டாள்.

பந்து தரையைத் தொட்டது. கோப்பை கல்லூரிக்கு. பந்து கிடைக்காமல் காற்றைத் துழாவிய இஷ்ரத், எதிரணிக்காரியின் பாதத்தின் மேல் இறங்கினாள். முழங்கால் திரும்பிக்கொண்ட சத்தம் மைதானச் சுவர்வரை கேட்டது. அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை.

மூடிய கையை ஏன் காட்டவில்லை? மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

(அ) மூடிய கை காட்டினால் இஷ்ரத் சும்மா குதிப்பாள், எதிரணி ஏமாறாது. ஆட்டத்துக்காகச் செய்தாள்.

(ஆ) மூடிய கை காட்டினால், "வேணாம்டி, எனக்குக் குடு" என்று இஷ்ரத் கண்ணாலேயே சொல்லியிருப்பாள். கடைசிப் பாயிண்ட் கைவிட்டுப் போயிருக்கும்.

(இ) இரண்டும்.

ஜானட் (அ) என்பாள். பேனா (ஆ) பக்கமே சாய்கிறது.

6

சுவரில் உட்கார்ந்திருந்த ஒருவரும் ஜானட்டின் கையைப் பார்க்கவில்லை. பறப்பவளைப் பார்க்க வைப்பதுதானே அந்த உத்தியே! "உடைந்த முழங்காலுடன் வெற்றிப் புள்ளி" என்று செய்தித்தாளில் இஷ்ரத்தின் படம் வந்தது. ஜானட் ஆஸ்பத்திரிக்குப் போய், "பந்து வயுக்கினு பூட்ச்சிடி, வேற வயியில்லாம தட்டிவுட்டேன்" என்றாள். இஷ்ரத், "வுடுடி, கப்பு வந்துச்சில்ல" என்றாள். செய்தியைத் திருத்த வேண்டுமென்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அப்போது ஜானட்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பாயிண்ட் தன்னுடையது என்று சொன்னால், "அப்ப ஏன் இஷ்ரத் அப்படிக் குதிச்சா?" என்ற கேள்வி வரும். கேள்வி வராமலிருக்கப் பாயிண்டை விட்டுக் கொடுத்தாள். வருடம் போகப் போக, எதற்காக விட்டுக் கொடுத்தோம் என்பது மங்கி, விட்டுக் கொடுத்தது மட்டும் பளிச்சென்று நின்றது. என் பாயிண்டில்தான் அவள் வாழ்கிறாள் என்று தோன்றத் தொடங்கியது.

இப்போது அதே பாயிண்டை இஷ்ரத்தின் பெயரில் அவளே எழுத வேண்டும். எழுதி, சுவரில் மாட்ட வேண்டும். கேண்டீனுக்குப் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

7

இஷ்ரத் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். செய்தித்தாளில் வந்த படம்தான். ஆனால் அகலமாக இருந்தது. வலது ஓரத்தில், வலைக்கு மேலே ஒரு இடது கை. விரல் நுனியில் பந்து. சுண்டுவிரலில் பிளாஸ்திரி. மணிக்கட்டு அழகாகத் திரும்பியிருந்தது. வழுக்கிய கை அப்படி இருக்காது. வாலிபால் ஆடிய எவருக்கும் பார்த்ததும் தெரியும்.

ஜானட் ஃபோன் போட்டாள். எம்.கே.பி. நகரில் பந்து அடிபடும் சத்தம் கேட்டது.

"இன்னாடி ஜானு, ஃபோட்டோ வந்துச்சா?"

"வந்துச்சு. பேப்பர்ல வந்தது இத்த மாரி இல்லியேடி."

"பேப்பர்காரன் வெட்டிப் போட்டான். ஃபோட்டோ எட்த்தவரு முழுசையும் ஆஸ்பத்திரிக்கே கொணாந்து குட்த்தாரு. எங்கம்மி பீரோல வெச்சிகினு இருந்துச்சு."

"நீ... பாத்துருக்கியா அத்த?"

"நாலு மாசம் கால நீட்டிகினு படுத்துருந்தேன். அத்த பாக்காம சீலிங் ஃபேனையா பாப்பேன்?" இஷ்ரத் சிரித்தாள். "பிளாஸ்திரி எப்டி நிக்குது பாரு! அவ்ளோ ஆட்டம் ஆடியும் வுய்ல. யாரு ஒட்னது?"

ஜானட் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டாள். "பிரின்சிபால் ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஆளுதான்றாங்க. கைய வெட்டச் சொல்லுவாங்கடி" என்றாள்.

 இஷ்ரத் திடீரென்று காதைப் பிளக்கும்படி கத்தினாள், ஆனால் ஜானட்டிடம் இல்லை, மைதானத்தில் ஆடும் பெண்ணிடம்: "ஏய் நவ்ரீன்! எறங்கறத பாருடி! குதிக்க எவ வோணா குதிப்பா. கால் எங்க வெக்கிறேன்னு பாத்து எறங்கு!"

பிறகு ஃபோனுக்குத் திரும்பினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உன் இஷ்டம்டி ஜானு. நீதான லிஃப்டரு. யாருக்குப் பந்து போவணும்னு நீதான எப்பவும் சொல்லுவ."

[இஷ்ரத் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு பெருந்தன்மையா? அல்லது இருபது வருடம் காத்திருந்து, எதிராளியை அவள் கையாலேயே அடி வாங்க வைக்கும் சாமர்த்தியமா? கோபமாகப் பேச வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அழ வைத்தேன், அதுவும் பொருந்தவில்லை. அவள் அனுப்பியது ஒரு படம். நோக்கத்தை அனுப்பவில்லை. எனக்கும் அனுப்பவில்லை.]

8

பக்ருதீன் படத்தைத் திரையில் திறந்தார்.

"யக்கா, ஓரத்துல யாரோட கையோ தெரியுது. வெட்டிடவா?"

ஜானட் பார்த்தாள். கை இருந்தால், இருபது வருடமாகத் தன்னிடமில்லாத பாயிண்ட் கண்ணாடிக்குள் வந்துவிடும். மூன்று விரல்கடை அகலத்தில், பெயரில்லாமல், ஆனால் வந்துவிடும். அதே கை, ஒரு விரலைக் காட்டிவிட்டு ஏமாற்றியதையும் காட்டிக் கொடுக்கும். எம்.கே.பி. நகர்ப் பெண்கள் அந்த வராண்டா வழியாகத்தான் சாப்பிடப் போவார்கள். அவர்களுக்குப் படம் படிக்கத் தெரியும். வெட்டினால் இரண்டும் போகும். புகழும் போகும், பழியும் போகும்.

"வெட்னா படம் சின்னதாப் பூடும்னு பாக்கறியாக்கா?" என்றார் பக்ருதீன். அவருக்குத் தன் வேலைமேல் ஆசை. "அதெல்லாம் இப்ப ஈஸி. கைய மட்டும் அய்ச்சிட்டு அந்த எடத்த கம்ப்யூட்டரே வரைஞ்சி ரொப்பிடும். ஒரு மனுசன் கண்டுபுடிக்க மாட்டான்."

"பந்து?"

"பந்தும் பூடும். வோணும்னா..." நாற்காலியில் நிமிர்ந்தார். "பந்தத் தூக்கி அந்தம்மா கையாண்ட வெச்சிடவா? பாவம், கைய ஓங்கினு கீறாங்க, அடிக்கப் பந்து இல்ல. வெச்சா சூப்பரா இருக்கும்."

கேட்காமலே மவுஸை நகர்த்திக் காட்டினார். பந்து ஜானட்டின் விரல் நுனியிலிருந்து கிளம்பி, வலையின் மேல்விளிம்பை ஒட்டியே போய், இஷ்ரத்தின் கைக்குச் சரியாக முன்னால் நின்றது. ஷார்ட் பால். எப்படிப் போக வேண்டுமோ அப்படி.

ஒரு விரல் காட்டியதற்கு, இருபது வருடம் கழித்து, பந்து போய்ச் சேர்ந்துவிட்டது.



9

முடிவுகள்.

ஒன்று: "கை இருக்கட்டும்" என்கிறாள். திறப்பு விழாவில் எம்.கே.பி. நகர்ப் பெண் ஒருத்தி படத்தின் அருகே போய்— இதை முடிக்கவில்லை. அந்தப் பெண் என்ன கேட்பாள் என்று தெரிந்துபோனதால்.

இரண்டு: "வெட்டிடுங்க" என்கிறாள். நாலு வரியையும் அழகாக எழுதுகிறாள். ஒவ்வொரு நாளும் டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வராண்டாவைச் சுற்றிப் பின்வழியாகக் கேண்டீனுக்குப் போகிறாள்.

மூன்று: பந்தை இஷ்ரத்திடமே விடச் சொல்கிறாள். பொய்யான படம். ஆனால் அவள் அன்று காட்டிய சைகை மட்டும் உண்மையாகிவிடுகிறது. இஷ்ரத் விழாவில் அதைப் பார்க்கிறாள். பீரோவிலிருந்த படம் அவளிடம் இருக்கிறது, இல்லையா? பார்த்துவிட்டு அவள் முகம் எப்படி— இங்கேயும் நின்றுவிட்டேன்.

மூன்றையும் தட்டச்சு செய்தேன். எதன்கீழும் என் பெயரைப் போட மனம் வரவில்லை.

இப்போது அந்தப் பொய். முதல் பகுதியில், நான் படியிறங்கும்வரை அந்தப் பெண்மணி வாயைத் திறக்கவில்லை என்று எழுதினேன். திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, முன்பின் தெரியாத என்னிடம் கேட்டார்:

"நீங்களே சொல்லுங்க. இந்தப் படத்தப் பாத்ததும் மொதல்ல உங்க கண்ணு எங்க போவுது?"

நான் உண்மையைச் சொன்னேன். "பறக்கிறாங்களே, அவங்க மேலதான்."

"எல்லாருக்கும் அப்டித்தான்" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலில் ஒரு சிராய்ப்பு இருந்தது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. திருத்திய ப்ரூஃபைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். சொல்லத் தெரியாமல் போன அந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். மேலே உள்ள ஜானட்டை நான் உண்டாக்கினேன், ஆனால் அந்தச் சிராய்ப்பு என்னுடையதில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். திரையில் படம் முழுசாக இருக்கிறது. நடுவில் ஒருத்தி காற்றில், ஓரத்தில் ஒரு கை, சுண்டுவிரலில் பிளாஸ்திரி. பக்ருதீன் மவுஸின் மேல் விரலை வைத்துக் காத்திருக்கிறார். அந்தப் பெண்மணி திரும்புகிறார், உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கேட்கப் போகிறார்.

உங்கள் கண் முதலில் எங்கே போனது?